கெய்ரோவின் முயிஸ் தெருவில் ஏன் இத்தனை மசூதிகள்?

கேள்வி இதுதான்: கெய்ரோ போய் வந்தவர்கள் எல்லாரும் முயிஸ் தெருவைப் பார்க்காமல் வராதே என்கிறார்கள். படத்தில் பார்த்தால் குறுகலான ஒரு கடைத்தெரு, அதன் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பெரிய பெரிய மசூதிகள். அவ்வளவு பெரிய ஊரில் இடமா இல்லை, எல்லா சுல்தான்களும் ஏன் இந்த ஒரே தெருவில் வந்து கட்டினார்கள்?

இடம் நிறைய இருந்தது. ஆனால் இந்த இடம்தான் வேண்டும் என்று அடித்துப்பிடித்துக் கட்டினார்கள். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, இது முதலில் தெருவே கிடையாது, ஓர் அரச வம்சத்தின் அரண்மனை வாசல். அந்த வம்சத்தை ஒழித்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அரண்மனையைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு அதன்மேல் கட்டினார்கள். இரண்டாவது, கட்டிய கட்டடத்துக்குச் சோறு போட்டது கடை வாடகை. கடைத்தெருவை விட்டு விலகிப்போனால் அந்த வரும்படி இல்லை. மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்தும் கிளைத்த கதைகள்தான்.

969இல் துனிசியாவிலிருந்து வந்த ஃபாத்திமிய் என்ற ஷியா வம்சத்தின் படை எகிப்தைப் பிடித்தது. தளபதி ஜவ்ஹர், சிசிலிக்காரர். அப்போதே நைல் கரையில் ஃபுஸ்தாத் என்ற பெரிய ஊர் இருந்தது. வியாபாரமும் ஜனங்களும் அங்கேதான். ஜவ்ஹர் அதற்கு வடக்கே கொஞ்சம் தள்ளி, மதில் சூழ ஒரு புது நகரம் கட்டினார். கலீஃபாவும் படையும் அதிகாரிகளும் வசிக்க மட்டும். கலீஃபா அல்-முயிஸ் 973இல் வந்து குடியேறினார். தன் முன்னோர்களின் சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்து அரண்மனைக்குள்ளேயே அடக்கம் செய்தார். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். தெருவுக்கு இன்றிருக்கும் பெயர் இவருடையதுதான், ஆனால் அந்தப் பெயர் இருபதாம் நூற்றாண்டில் வைத்தது. பழைய ஆட்கள் அந்தந்தத் துண்டுக்கு அந்தந்தக் கடைவீதியின் பெயரைத்தான் சொல்வார்கள்.

நகரத்தின் நடுவில் வடக்கு தெற்காக ஒரு பாதை. அதன் கிழக்கே பெரிய அரண்மனை, மேற்கே சின்ன அரண்மனை. இரண்டுக்கும் நடுவே பத்தாயிரம் வீரர்கள் அணிவகுத்து நிற்கக்கூடிய முற்றம் இருந்தது என்று பிற்கால வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். அந்த முற்றத்துக்கு ‘பைன் அல்-கஸ்ரைன்’, அதாவது இரண்டு அரண்மனைகளுக்கு இடையே, என்று பெயர். அரண்மனைகள் போய் எண்ணூறு வருஷம் தாண்டிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

1047இல் நாசிர் குஸ்ரவ் என்ற பாரசீகப் பயணி இங்கே வந்தார். கெய்ரோவில் இருபதாயிரம் கடைகளுக்குக் குறையாது, அத்தனையும் சுல்தானுக்குச் சொந்தம், மாசத்துக்கு இரண்டு தினாருக்குக் கீழே வாடகை கிடையாது, பல கடைகளுக்குப் பத்து தினார் என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் ஃபாத்திமியர்களின் இஸ்மாயிலி ஷியா பிரிவைச் சேர்ந்த பக்தர், ஆகவே இருபதாயிரத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனாலும் முக்கியமான விஷயம் கைக்கு வந்துவிட்டது: கடைக்குச் சொந்தக்காரர் அரசர், கடைக்காரர் வாடகைதாரர். இந்த ஏற்பாடு கை மாறியதே தவிர, அடிப்படையில் பல நூற்றாண்டுகள் ஓடியது.

இப்போது நிற்கும் வாசல்கள் ஜவ்ஹர் கட்டியவை அல்ல. ஆர்மீனிய வம்சாவளியைச் சேர்ந்த அமைச்சர் பத்ர் அல்-ஜமாலி 1087க்கும் 1092க்கும் இடையில் ஊரைப் பெரிதாக்கிக் கல் மதில் எழுப்பினார். வடக்கே பாப் அல்-ஃபுதூஹ், தெற்கே பாப் ஸுவைலா. இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் இருப்பதுதான் நாம் பேசும் தெரு. நின்று பார்க்காமல் நடந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வடக்கு வாசலை ஒட்டி நிற்கும் அல்-ஹாக்கிம் மசூதி 1013இல் முடிந்தபோது பழைய மதிலுக்கு வெளியே இருந்தது. பத்ர் போட்ட புது மதில்தான் அதை ஊருக்குள் சேர்த்தது.

ஃபாத்திமியர் விட்டுப்போனதில் தெருவில் நின்று உற்றுப் பார்க்க வேண்டியது அல்-அக்மர் மசூதி, 1125. சின்ன மசூதிதான். ஆனால் கெய்ரோவின் கட்டடக்கலையை அதற்குப் பின் ஐந்நூறு வருஷம் ஆட்டிவைத்த ஒரு சிக்கலுக்கு முதல் விடை இங்கேதான் இருக்கிறது. மசூதியின் உட்புறம் மக்காவை, அதாவது தென்கிழக்கைப் பார்க்க வேண்டும். தெருவோ வேறு கோணத்தில் போகிறது. கட்டடத்தை மக்கா பக்கம் திருப்பினால் முகப்பு தெருவுக்குக் கோணலாக நிற்கும்; தெருவுக்கு நேராக வைத்தால் தொழுகைத் திசை தப்பிவிடும். அக்மரின் கொத்தனார் என்ன செய்தார்? முகப்பைத் தெருவோடு சேர்த்தார், உள்ளே முற்றத்தைக் கிப்லாவுக்கு, அதாவது தொழுகைத் திசைக்கு, திருப்பினார், நடுவில் உபரியாக வந்த முக்கோணத்தைச் சுவரின் கனத்திலும் சின்ன அறைகளிலும் மறைத்துவிட்டார். வாசலில் நுழைந்தால் சுவர் ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் போவது கண்ணுக்கே தெரியும். அப்போது மசூதி தெருவை விட உயரத்தில், கீழே கடைகளோடு இருந்தது. அப்புறம் தெரு மட்டம் ஏறி ஏறி அந்தக் கடைகள் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன.

1171இல் சலாஹுத்தீன் ஃபாத்திமிய் ஆட்சியை முடித்துவைத்தார். கலீஃபாவின் குடும்பத்தில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக அடைத்துவைத்தார், அதோடு வம்சம் அற்றுப்போகட்டும் என்று. அரண்மனைப் பொக்கிஷமும் நூலகமும் விலைக்குப் போயின. மாளிகைகள் தளபதிகளுக்குப் போயின. ஷியா கலீஃபாக்களின் இருப்பிடம் இப்போது சுன்னி ஆட்சியாளர்களுக்குக் கிடைத்த காலி மனை. 1240களில் சலாஹுத்தீனின் அய்யூபிய் வம்சத்து சுல்தான் அஸ்-ஸாலிஹ் நஜ்முத்தீன், கிழக்கு அரண்மனை இருந்த இடத்திலேயே ஒரு மத்ரஸா கட்டினார். எகிப்தில் நான்கு சுன்னி மத்ஹபுகளையும், அதாவது சட்ட மரபுகளையும், ஒரே கூரைக்குக் கீழே கற்பித்த முதல் மத்ரஸா அதுதான். எதிரியின் வீட்டு நடுக்கூடத்தில் நம் பள்ளிக்கூடம் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவர் 1249இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் சிலுவைப்படை எகிப்தில் இறங்கியிருக்கும்போது செத்துப்போனார். அடிமையாக வந்து அரசியான ஷஜருத் துர், அந்தச் சாவையே படைக்குத் தெரியாமல் மறைத்து யுத்தத்தை நடத்திக் காட்டினார். பிறகு கணவருக்கு இதே மத்ரஸாவை ஒட்டி ஒரு குவிமாட அடக்கத்தலம் கட்டினார், 1250இல். அதிலிருந்துதான் ஒரு புது வழக்கம் கிளம்புகிறது: சுல்தான் செத்தால் ஊருக்கு வெளியே இடுகாட்டில் கிடக்க வேண்டாம், நடுத்தெருவில், போகிற வருகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதிவிட்டுப் போகும்படி கிடக்கலாம். அய்யூபியருக்குப் பின் ஆட்சிக்கு வந்த மம்லூக் தளபதிகள் பதவி ஏற்கும்போது இந்த அடக்கத்தலத்துக்கு வந்து சத்தியம் செய்தார்கள். பிற்பாடு அந்தச் சடங்கு எதிர்ப்பக்கத்துக் கட்டடத்துக்கு மாறியது.

அந்த எதிர்ப்பக்கத்துக் கட்டடம் சுல்தான் கலாவூனுடையது, 1284–85. தெருவின் பெரிய கட்டடங்களில் ஒன்று. மத்ரஸா, அடக்கத்தலம், மருத்துவமனை மூன்றும் சேர்ந்து ஒன்றே சொச்சம் வருஷத்தில் எழும்பிவிட்டன. எப்படி இவ்வளவு சீக்கிரம்? வேலையை நடத்திய அமீர் (தளபதி) சன்ஜர், தெருவில் போகிறவர்களை, குதிரையில் போகிற பெரிய மனிதர்கள் உள்பட, இறங்கிக் கல் சுமக்க வைத்தாராம். ஜனங்கள் அந்தப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டார்கள். நைல் தீவில் அஸ்-ஸாலிஹ் கட்டிய கோட்டையைப் பிரித்துத் தூண்களைக் கொண்டுவந்தார்கள். இப்படி வல்லடியாக எழுந்த கட்டடத்தில் தொழுதால் தொழுகை கூடுமா என்று மார்க்க அறிஞர்களே கேள்வி எழுப்பினார்கள். இந்தக் கேள்வி எழுந்ததையும் மறைக்காமல் எழுதிவைத்த வரலாற்றாசிரியர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

மருத்துவமனை எழுந்தது ஃபாத்திமிய் இளவரசி சித்துல் முல்க்கின் மேற்கு அரண்மனை மேல். அரண்மனைக் கூடங்களைச் சுவர் மாற்றாமல் அப்படியே நோயாளிகளுக்கு ஒதுக்கினார்கள். அங்கிருந்த மர வேலைப்பாடுகளையும் வீணாக்கவில்லை: யாழ் மீட்டுகிறவர்கள், ஆடுகிற பெண்கள், வேட்டைக்காரர்கள் என்று செதுக்கியிருந்த நீளப் பலகைகளைத் திருப்பிப் போட்டுப் புதுக் கட்டடத்தில் பயன்படுத்திவிட்டார்கள். பழுதுபார்க்கும்போது வெளிப்பட்ட அந்தப் பலகைகள் இப்போது கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மருத்துவமனையின் சாசனம் ஆண் பெண், ஏழை பணக்காரர் என்ற பேதம் பார்க்கவில்லை. நுரையீரல் வழி ரத்தம் சுற்றுவதை விளக்கிய மருத்துவர் இப்னு அந்-நஃபீஸ் 1288இல் இறக்கும்போது தன் வீட்டையும் நூல்களையும் இதற்குத்தான் எழுதிவைத்தார். இன்றும் அந்த வளாகத்தின் பின்புறம் ஒரு கண் மருத்துவமனை நடக்கிறது.

கலாவூனுக்குப் பக்கத்தில் அவர் மகன் அன்-நாசிர் முஹம்மதின் மத்ரஸா. அதன் வாசலைப் பார்த்தால் எங்கோ தேவாலயத்தில் பார்த்த மாதிரி இருக்கும். பார்த்தது சரிதான். 1291இல் சிலுவைப்போர்க்காரர்களிடமிருந்து அக்கா நகரத்தைப் பிடித்தபோது அங்கிருந்த தேவாலயம் ஒன்றின் கோதிக் வாசலைக் கல் கல்லாகக் கழற்றிக்கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். மேலே கூர்முனையில் ‘அல்லாஹ்’ என்று பொறித்ததோடு சரி, மற்றபடி கை வைக்கவில்லை. இதே வரிசையில் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் கட்டிய மத்ரஸாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1874இல் சாலை போடுவதற்காக இடித்ததில் ஒரு மூலைதான் மிச்சம். அதன் வெண்கலக் கதவு பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய்ச்சேர்ந்தது.

சரி, பணம்? இதைத்தான் சுற்றுலாக் கையேடுகள் விட்டுவிடுகின்றன. மம்லூக்குகள் விலைக்கு வாங்கப்பட்டுப் போர்வீரர்களாக வளர்க்கப்பட்டவர்கள். பதவி பரம்பரையாகப் பிள்ளைக்குப் போகாது. சுல்தானுக்குக் கோபம் வந்தால் சொத்து முழுவதும் பறிமுதல். ஆனால் வக்ஃபு செய்த, அதாவது அறக்கட்டளையாக எழுதிவைத்த, சொத்தில் கை வைப்பது அவ்வளவு லேசு இல்லை. ஆகவே அமீர் ஒருவர் மத்ரஸா கட்டுவார். அதைப் பராமரிக்க இத்தனை கடை, இத்தனை குளியல்கூடம், இத்தனை கிராமத்து நிலம் என்று எழுதிவைப்பார். நிர்வாகியாகத் தன் பிள்ளைகளைப் போடுவார். செலவு போக மீதி வருமானம் அவர்களுக்கு என்று சாசனத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவார். புண்ணியத்துக்குப் புண்ணியம், பிள்ளைகளுக்குச் சோறு. இதைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை, கெய்ரோவில் பலமுறை நீதிபதியாக இருந்த இப்னு கல்தூனே எகிப்தில் மத்ரஸாக்கள் பெருகியதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார். தெருவில் மசூதிச் சுவரை ஒட்டிக் கடைகள் இருப்பதைப் பார்த்து ‘ஆக்கிரமிப்பு’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பல இடங்களில் அந்தக் கடைகள் கட்டடத்தோடு சேர்ந்தே திட்டமிட்டவை. மசூதி விளக்குக்கு எண்ணெய் வாங்கியது அந்த வாடகையில்தான்.

இதற்கெல்லாம் நேர்சாட்சி மக்ரீஸி. 1364இல் இந்தத் தெருவை ஒட்டிய பர்ஜவான் பேட்டையில் பிறந்து அதே சுற்றுவட்டாரத்தில் வளர்ந்தவர். கொஞ்ச காலம் முஹ்தஸிப்பாக, அதாவது எடை, விலை, கலப்படம் பார்க்கும் சந்தை அதிகாரியாகவும் இருந்தார். ஆகவே அவர் எழுத்தில் மசூதி எவ்வளவு வருகிறதோ அவ்வளவு கடையும் வரும். அக்மர் மசூதி பக்கம் மெழுகுவர்த்திக் கடைத்தெரு நடுராத்திரி வரை திறந்திருக்கும். ரமலானில் பல ராத்தல் எடையுள்ள பெரிய மெழுகுவர்த்திகள் விற்கும். அங்கே உடையைப் பார்த்தாலே அடையாளம் தெரிகிற விலைமாதர்களும் உலவுவார்கள் என்கிறார். பறவைச் சந்தையில் குழந்தைகள் சின்னக் குருவிகளை வாங்கிப் புண்ணியம் என்று பறக்கவிடுவார்களாம். 1403க்குப் பிறகு வந்த பஞ்சத்திலும் பண நெருக்கடியிலும் இந்தச் சந்தைகள் எப்படிக் காலியாயின என்பதையும் அவரே சொல்கிறார். வயதான மனிதர் ஒருவர் தன் இளமைக்காலத்துக் கடைத்தெருவை நினைத்துப் புலம்புகிற தொனி அதில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் கணக்குத் தெரிந்த புலம்பல்.

முன்னோர்களின் சவப்பெட்டி என்றேனே, அது அவர் சொல்லும் கதைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. 1380களில் ஜஹார்கஸ் அல்-கலீலி என்ற அமீர், தெருவின் கிழக்கே ஃபாத்திமிய் கலீஃபாக்களின் அடக்கத்தலத்தைத் தோண்டி, எலும்புகளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் கொட்டச்செய்தார். அந்த மனையில் வியாபாரிகள் தங்க ஒரு சத்திரம் கட்டினார். அதுதான் கான் அல்-கலீலி, இன்று எல்லாச் சுற்றுலாப் பேருந்தும் வந்து நிற்கும் இடம். சுல்தான் பர்கூக்கின் மத்ரஸா வேலையை மேற்பார்த்தவரும் இவரே. 1389இல் டமாஸ்கஸ் அருகே சண்டையில் மாண்டார். உடல் அடக்கம் செய்ய ஆளில்லாமல் வெட்டவெளியில் கிடந்தது; எலும்புக்கு எலும்பு என்று கணக்கு நேராயிற்று என்பது மக்ரீஸியின் தீர்ப்பு.

இன்னும் தெற்கே நடந்தால் வாசனைத் திரவியக் கடைகள். இங்கே நம் பக்கத்துக் கடலுக்கும் தொடர்பு உண்டு. கோழிக்கோட்டுக் கரையிலிருந்து மிளகு செங்கடல் வழியாகக் கெய்ரோ வந்து, அங்கிருந்து வெனிஸ் போகும். சுல்தான் பர்ஸ்பாய் அந்த மிளகு வியாபாரத்தை அரசாங்க ஏகபோகமாக்கினார். அவருடைய மத்ரஸா இந்தக் கடைகளுக்கு நடுவிலேயே நிற்கிறது. 1426இல் பிடித்துவந்த சைப்ரஸ் அரசரின் தலைக்கவசத்தை அதன் வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததும் அடி விழுந்தது. கடைசிப் பெரிய சுல்தான் கூரி போர்த்துகீசியருக்கு எதிராக அனுப்பிய கப்பற்படை 1509இல் டையூவில் தோற்றது.

கூரியின் மசூதியும் அடக்கத்தலமும் தெருவின் இரண்டு பக்கமும் எதிரெதிரே நிற்கின்றன. நடுவில் துணிக்கடைகள், மேலே மரக்கூரை. அவ்வளவு செலவு செய்து கட்டிய அடக்கத்தலத்தில் அவர் இல்லை. 1516இல் உஸ்மானியத் துருக்கியரோடு மோதிய போரில் செத்தார், உடலே கிடைக்கவில்லை. அடுத்து வந்த தூமன்பாயை 1517இல் பாப் ஸுவைலாவில் தூக்கிலிட்டார்கள். தனக்காக ஃபாத்திஹா ஓதும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார், இரண்டு முறை கயிறு அறுந்தது என்று சமகாலத்து இப்னு இயாஸ் எழுதுகிறார். கூரிக்காகக் கட்டிய இடத்தில் படுத்திருப்பவர் இவர்தான். பாப் ஸுவைலாவுக்குத் தூக்கு புதிதல்ல. 1260இல் மங்கோலியத் தூதர்களின் தலைகளைத் தொங்கவிட்டதும் அங்கேதான். வாசலின் இரண்டு கொத்தளங்கள் மேலும் நிற்கும் மினாராக்கள் பக்கத்தில் உள்ள முஅய்யத் மசூதியுடையவை. அந்த இடத்தில் முன்பு இருந்த சிறைச்சாலையில் பேன்கடியில் கிடந்த முஅய்யத், தப்பினால் இதை இடித்து மசூதி கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டவர். சுல்தான் ஆனதும் கட்டினார்.

உஸ்மானியர் காலத்தில் கெய்ரோ ஒரு மாகாணத் தலைநகரம்தான். பெரிய மசூதி கட்டுகிற வேகம் குறைந்து, சின்னச் சின்னத் தண்ணீர்ப் பந்தல்கள் பெருகின. கீழே வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர், மேலே பிள்ளைகள் குர்ஆன் ஓதும் பள்ளி. 1744இல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டியது தெரு இரண்டாகப் பிரியும் முனையில் நிற்கிறது. தெருவில் ஒரே ஒரு படம் எடுப்பதாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட கதீவ் இஸ்மாயில் மேற்கே அகலச் சாலைகளோடு புது நகரம் அமைத்ததும் பணக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். தெருவுக்குக் கடைசியாக விழுந்த பெரிய வெட்டு அல்-அஸ்ஹர் சாலை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் டிராமும் காரும் போக வேண்டும் என்று கிழக்கு மேற்காக ஊரை அறுத்துக்கொண்டு போட்டார்கள். ஆயிரம் வருஷம் ஒன்றாக இருந்த தெரு வடக்குப் பாதி, தெற்குப் பாதி என்று இரண்டு ஊர் மாதிரி ஆகிவிட்டது. சுற்றுலாப் பயணிகள் வடக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

1979இல் யுனெஸ்கோ பட்டியல், 1992இல் பூகம்பம், அதன் பிறகு பெரிய அளவில் பழுதுபார்ப்பு. வடக்குப் பாதியில் கல் பாவி, பெரும்பாலான நேரத்துக்கு வண்டிகளை நிறுத்தினார்கள். நடக்கச் சுகமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகப்புகளுக்குக் காட்டிய அக்கறையை முடுக்குகளில் இருந்த பட்டறைகளுக்குக் காட்டவில்லை. பாப் அல்-ஃபுதூஹ் பக்கம் இருந்த எலுமிச்சை, ஆலிவ் வியாபாரத்தை அப்புறப்படுத்திவிட்டார்கள். பாத்திரக்காரத் தெருவான நஹ்ஹாசீனில் இன்னும் மினாரா உச்சியில் வைக்கும் பித்தளைப் பிறையும் ஃபூல் என்ற மொச்சையை வேகவைக்கும் வாய் குறுகிய பெரிய பானையும் வாங்கலாம். ஆனால் வருஷா வருஷம் பக்கத்துக் கடையில் சீனப் பொம்மைகள் கூடுகின்றன.

பழுதுபார்ப்பு பற்றி இன்னொரு தகராறும் உண்டு, அதில் இந்தியக் கை இருக்கிறது. அல்-ஹாக்கிம் மசூதி சிறையாக, லாயமாக, நெப்போலியன் படையின் முகாமாக, கலைப்பொருள் கிடங்காக இருந்து சிதைந்து கிடந்தது. தங்களை ஃபாத்திமிய் மரபின் வாரிசுகளாகக் கருதும் தாவூதி போரா முஸ்லிம்கள், மும்பையிலிருந்த தங்கள் தலைவர் சையத்னா முஹம்மத் புர்ஹானுத்தீன் தலைமையில் அதைப் புதுப்பித்து 1980இல் திறந்தார்கள். அக்மர் மசூதியிலும் அவர்கள் வேலை செய்தார்கள். 2023இல் ஹாக்கிம் மசூதிக்கு இந்தியப் பிரதமரும் போய் வந்தார். வெள்ளைப் பளிங்கு பளபளக்க இப்படிப் புதுசாக்கியது சரியா என்று தொல்லியல்காரர்கள் இன்றும் குறை சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முன்பு அங்கே யாரும் தொழவில்லை, இப்போது தொழுகிறார்கள். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பளிங்கு முற்றத்தில் ஓடி விளையாடுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது.

போவதாக இருந்தால் வடக்கு வாசலில் ஆரம்பித்துத் தெற்கே நடங்கள். அல்-அஸ்ஹர் சாலையைக் கண்டதும் முடிந்தது என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். சாலையைத் தாண்டினால் கூரியின் துணிக்கடைகள், உள்ளூர்க்காரர்கள் கல்யாணத்துக்குப் போர்வையும் ஜமுக்காளமும் பேரம் பேசும் இடம். அதன் கடைசியில் பாப் ஸுவைலாவில் சீட்டு வாங்கிக்கொண்டு மினாரா வரை ஏறலாம். படிகள் குறுகலானவை, இருட்டு வேறு, செருப்பு வழுக்காததாகப் போட்டுக்கொள்ளுங்கள்.